பெட்டியில் வந்த கப்பல்

மாதிரிக் கப்பல் கட்டுவது என்றவுடன், அதைச் சிறுவர் விளையாட்டு என்றோ ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்றோ பலர் எண்ணிவிடுகின்றனர். கடையில் வாங்கும் பெட்டியில் எல்லாப் பாகங்களும் இருக்கின்றன. செய்முறைத் தாளும் இருக்கிறது. பார்த்து ஒட்டினால் வேலை முடிந்தது என்பது அவர்களின் கருத்து. தேர்வுக்குத் தயாராகும் உயர்நிலைப் பள்ளி மாணவர், இதற்காக மாதக்கணக்கில் தம் மாலை நேரத்தைச் செலவிடலாமா என்று பெற்றோர் கேட்பதும் இயல்பே. அந்தக் கேள்வி நியாயமானது. ஆயினும், ஒரு பாய்மரக் கப்பலைப் பொறுமையாகக் கட்டி, அதன் நுணுக்கங்களையும் சரிபார்த்துச் செய்து முடிக்கும் மாணவர், வகுப்பில் கற்ற பலவற்றைத் தம் கையாலேயே சோதித்துப் பார்க்கிறார். அதற்காகச் சில மாதங்களைச் செலவிடுவது வீண் அன்று.

இந்தக் கலையில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதல் கட்டம், பாகங்களைப் பொருத்துவது. பிளாஸ்டிக் கப்பலாயின், இரண்டு பாதிகளாக வரும் உடற்பகுதியை ஒட்டி, அதன்மேல் தளத்தைப் பொருத்த வேண்டும். மரக் கப்பலாயின், முதுகெலும்பு போன்ற அடிமரத்தில் விலா எலும்புகளைப் போன்ற சட்டங்களை வரிசையாக நிறுத்த வேண்டும். பிறகு, மெல்லிய மரப்பட்டைகளை நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். இதுவரை செய்முறைத் தாள் வழிகாட்டும். இரண்டாம் கட்டம், நுணுக்க வேலை. வண்ணம், கயிறு, பாய், ஏணி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றை உண்மைக் கப்பலில் இருந்ததுபோல் அமைப்பதே அந்த வேலை. பெரும்பாலான செய்முறைத் தாள்கள் இங்கே சுருக்கமாகவே பேசும். கட்டுபவர் தாமாகச் சிந்திக்க வேண்டிய இடமும் இதுதான்.

எடுத்துக்காட்டாக, உலகெங்கும் மாதிரிக் கப்பல் கட்டுவோர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ‘கட்டி சார்க்’ என்னும் கப்பலைப் பார்க்கலாம். சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை ஏற்றிச் செல்வதற்காகக் கட்டப்பட்ட இந்த விரைவுக் கப்பல், 1869ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் நீரில் இறக்கப்பட்டது. இன்று அது லண்டனின் கிரீனிச் பகுதியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் அதன் நீளம் ஏறத்தாழ 85 மீட்டர். நடுப் பாய்மரத்தின் உயரம் ஏறத்தாழ 47 மீட்டர். அதில் கட்டப்பட்ட கயிறுகளின் மொத்த நீளமோ ஏறத்தாழ 11 மைல், அதாவது 17.7 கிலோமீட்டர்.

இதை 96இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தால் என்ன ஆகும்? நீளம் 89 சென்டிமீட்டராகவும் பாய்மரம் 49 சென்டிமீட்டராகவும் குறையும். எல்லாக் கயிறுகளையும் விடாமல் கட்ட விரும்பினால் 184 மீட்டர் நூல் வேண்டும். பள்ளித் திடலின் 400 மீட்டர் ஓடுபாதையில் பாதிச் சுற்றுக்குச் சற்றே குறைவான நீளம் அது! இங்கு விகிதக் கணக்கு வெறும் பயிற்சியாக நின்றுவிடுவதில்லை. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்குக் குறுக்காகக் கட்டிய படிக்கயிறுகளின் இடைவெளி உண்மைக் கப்பல்களில் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். மாதிரியில் அது 4 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். வேலை எளிதாகட்டும் என்று ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், உண்மையில் அது 96 சென்டிமீட்டர் ஆகும். எந்த மாலுமியாலும் அதில் கால்வைத்து ஏற முடியாது.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 180 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் இந்த அளவில் 19 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். அட்டையில் அந்த உயரத்துக்கு ஒரு மனித உருவத்தை வெட்டித் தளத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். கதவு அவருக்கு மிகக் குட்டையா, கைப்பிடிச் சுவர் அவர் தலைக்கு மேல் போகிறதா, படிகளில் அவரால் ஏற முடியுமா என்பவை உடனே தெரிந்துவிடும். பாய்க்கும் இதே சோதனை பொருந்தும். 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரணத் தாளில் பாய் செய்தால், அது உண்மையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள துணிக்குச் சமம். அதனால்தான் அனுபவம் மிக்க பலர் மிக மெல்லிய தாளைத் தேடுகின்றனர். அல்லது பாய்களே இல்லாமல், மரங்களையும் கயிறுகளையும் மட்டும் காட்டி நிறுத்திவிடுகின்றனர்.

வண்ணம் பூசும்போது அறிவியல் தேவைப்படுகிறது. கட்டி சார்க்கின் அடிப்பகுதி பொன்னிறத்தில் இருக்கும். அது அழகுக்காகப் பூசிய வண்ணம் அன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தகடுகளின் நிறம். மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களையும், அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் கடலுயிர்களையும் அந்தத் தகடுகள் தடுத்தன. அப்படியானால், கப்பல் முழுவதையும் இரும்பால் கட்டி, அதன்மேல் இந்தத் தகடுகளைப் பொருத்தியிருக்கலாமே என்று தோன்றலாம். இரும்பும் செம்புக் கலவையும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையால் இரும்பு விரைவில் அரித்துப்போகும். எனவே, சட்டங்களை இரும்பாலும் வெளிப்பலகைகளை மரத்தாலும் அமைத்தனர். இரும்புச் சட்டம் வலிமையையும் கூடுதல் சரக்கிடத்தையும் தந்தது; மரப்பலகை இரண்டு உலோகங்களையும் பிரித்து வைத்தது. தூரிகையைக் கையில் எடுத்தவர் ‘ஏன் இந்த நிறம்?’ என்று கேட்டால், வேதியியல் பாடம் ஒன்று அவருக்காகக் காத்திருக்கிறது.

அடுத்து எழும் கேள்வி, எந்த ஆண்டின் கப்பலைக் கட்டுவது என்பது. கட்டி சார்க் நீரில் இறங்குவதற்கு 5 நாள்களுக்கு முன்புதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் அந்தக் குறுக்குவழியில் சென்று தேயிலை வணிகத்தைப் படிப்படியாகக் கைப்பற்றின. பாய்மரக் கப்பல்களுக்கு அந்த வழி ஏற்றதாக இல்லை. 1880ஆம் ஆண்டு கட்டி சார்க்கின் பாய்மரங்களின் உயரம் குறைக்கப்பட்டது. பிறகு, அது ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 1895ஆம் ஆண்டு போர்ச்சுகீசியரிடம் விற்கப்பட்டு வேறு பெயரில் ஓடியது. 1922ஆம் ஆண்டு மீண்டும் ஆங்கிலேயர் ஒருவரால் வாங்கப்பட்டது. ஆகவே, ஒரே கப்பலுக்குப் பல தோற்றங்கள் உண்டு. உயரமான பாய்மரங்களைக் கொண்ட தேயிலைக் கப்பலா, உயரம் குறைந்த கம்பளிக் கப்பலா என்பதைக் கட்டுபவர் முடிவுசெய்ய வேண்டும். அதற்குப் பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சான்றுகளைத் தேடி, அவற்றுள் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வரலாற்று மாணவரின் வேலையும் ஆகும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, தடங்கல் வரும்போது என்ன செய்வது என்பது. மாதிரிக் கப்பலில் ஏதேனும் ஒரு பாகம் உடையும். சிறிய கப்பி தரையில் விழுந்து காணாமல் போகும். கட்டிய நூல் தளர்ந்து தொங்கும். அழிப்பானால் அழித்துவிட்டு மீண்டும் எழுதுவதுபோல் இதைத் திருத்த முடியாது. பிரித்துக் கட்ட வேண்டும். அல்லது கையில் இருப்பதைக் கொண்டு புதிதாகச் செய்ய வேண்டும். கட்டி சார்க்கின் மாலுமிகளும் அதைத்தான் செய்தனர். 1872ஆம் ஆண்டு அந்தக் கப்பல் ‘தெர்மோபிலி’ என்னும் மற்றொரு கப்பலுடன் போட்டியிட்டுச் சீனாவிலிருந்து லண்டனை நோக்கிச் சென்றது. இரண்டும் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள சுண்டா நீரிணையைக் கடந்து இந்தியப் பெருங்கடலுக்குள் சென்றன. கட்டி சார்க் முந்திக்கொண்டிருந்த வேளையில், புயலில் அதன் சுக்கான் முறிந்து கடலோடு போய்விட்டது. கப்பலில் இருந்த மரங்களையும் இரும்பையும் கொண்டே தற்காலிகச் சுக்கான் ஒன்றைச் செய்து பொருத்தினர். போட்டியில் தோற்றாலும், தெர்மோபிலி சேர்ந்த ஒரு வாரத்திற்குள் அதுவும் லண்டனை அடைந்தது. அந்தச் சிறிய சுக்கானைத் தன் மாதிரியில் பொருத்தும் மாணவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டாகத் தெரியாது.

இதற்கு மறுப்புகளும் உண்டு. ‘முப்பரிமாண அச்சுப்பொறி ஒரே நாளில் செய்துவிடும் பொருளுக்கு ஏன் இத்தனை மாதங்கள்?’ என்பது ஒன்று. அலமாரியில் வைக்க ஒரு கப்பல் மட்டுமே வேண்டுமெனில், அச்சிட்டும் வைக்கலாம். கடையில் வாங்கியும் வைக்கலாம். ஆனால், மேலே சொன்ன கேள்விகள் எவையும் அவரிடம் எழப்போவதில்லை. அச்சுப்பொறியையும் ஒதுக்க வேண்டியதில்லை. தொலைந்துபோன கப்பிக்குப் பதிலாக, சரியான அளவைத் தாமே கணக்கிட்டு ஒன்றை அச்சிட்டுக்கொள்ளும் மாணவர், கருவியை அறிவோடு பயன்படுத்துகிறார்.

செலவு பற்றிய கவலை இதைவிட வலுவானது. பெரிய மரக் கப்பல் பெட்டிகள் விலை மிக்கவை. எல்லாக் குடும்பங்களாலும் வாங்க இயலாது. மேலும், ஆசையோடு வாங்கி, பாதியில் விட்டு, கட்டிலுக்கு அடியில் தூசி படியும் பெட்டிகளும் பல வீடுகளில் உண்டு. ஆகவே, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலை முதலில் தொடுவது அறிவுடைமை ஆகாது. ஒரே பாய்மரம் உள்ள சிறிய பிளாஸ்டிக் படகிலிருந்து தொடங்கலாம். பள்ளிகளும் இதற்கு உதவலாம். இணைப்பாட நடவடிக்கையாக நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரே கப்பலைக் கட்டினால் செலவு பகிரப்படும். கத்தி, பசை, வண்ணம் ஆகியவற்றைப் பாதுகாப்பாகக் கையாள ஆசிரியரின் மேற்பார்வையும் கிடைக்கும். ஒருவர் கணக்கிட, ஒருவர் சான்று தேட, மற்றவர் கயிறு கட்ட, வேலை முன்னேறும்.

நேரத்தைப் பற்றிய கவலைக்கும் விடை உண்டு. கப்பலை ஒரே மூச்சில் கட்ட இயலாது. பசை காய வேண்டும். வண்ணம் உலர வேண்டும். எனவே, வாரத்திற்கு இரண்டு மூன்று மணி நேரமே போதும். தேர்வு நெருங்கும்போது பெட்டியை மூடி வைக்கலாம். காத்திருக்கும் கப்பல் கெட்டுப்போவதில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியின் பொருளை, காயாத பசையின்மேல் அடுத்த பாகத்தைப் பொருத்திப் பார்த்தவர் நன்கு அறிவார்.

எல்லா மாணவர்களும் கப்பல் கட்ட வேண்டும் என்பதில்லை. சிலருக்குத் தோட்டம் பிடிக்கும். சிலருக்குத் தையல் பிடிக்கும். சிலருக்கு இசை பிடிக்கும். ஆனால், மதிப்பெண் கிடைக்காத வேலை என்பதற்காகவே இதை வீண்வேலை என்று ஒதுக்குவது சரியன்று. யாரும் திருத்தாத, யாரும் மதிப்பெண் போடாத ஒரு வேலையில், 4 மில்லிமீட்டர் இடைவெளி 5 ஆகிவிட்டதைத் தாமே கண்டு, அவிழ்த்து மீண்டும் கட்டும் மாணவர், தம் வேலைக்குத் தாமே பொறுப்பேற்கப் பழகுகிறார். பெட்டியில் வருவது பாகங்கள் மட்டுமே. அவற்றை உண்மைக் கப்பலின் உருவமாக்கும் கவனத்தை மாணவர்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய நேரத்தைப் பெற்றோரும் பள்ளியும் மனமுவந்து அளிக்கலாம்.