அகத்தின் அழகும் ஆஸ்தியின் விலையும்

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் செய்து பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியோர்கள், "வீட்டை விற்றுப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். அக்காலத்தில் வீட்டை விற்பதென்பது வாயால் சொல்லவும் கூசும் காரியமாக இருந்தது போலும்! இக்காலத்திலோ அது சர்வ சாதாரணமாகி விட்டது. பிள்ளை ஓர் ஊரில், பெண் வேறோர் ஊரில், பெற்றோர் பழைய வீட்டில் என்று குடும்பங்கள் சிதறியிருக்கிறபடியால், என்றாவது ஒரு நாள் "இந்த வீடு என்ன விலை போகும்?" என்ற கேள்வி எழாத கிருகமே இல்லை எனலாம்.

கேள்வி எழுந்தவுடனே யோசனை சொல்வதற்கு ஆட்களும் வந்து விடுகிறார்கள். "உட்புறத்தைச் சற்றே அலங்காரம் செய்யுங்கள், பழைய தரையை எடுத்துவிட்டுப் பளபளக்கும் ஓடு போடுங்கள், மேற்கூரை தெரியாமல் பொய்க்கூரை அமைத்து உள்ளே விளக்கு வையுங்கள். செலவழித்த பணம் இரட்டிப்பாய்த் திரும்பும்" என்கிறார்கள். இந்த யோசனையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாய்ச் சாதுரியம் என்பதை நேயர்களுடன் சேர்ந்து இந்த வாரம் ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொத்தின் விலை என்பது இரண்டு விலைகள் சேர்ந்தது. ஒன்று மனையின் விலை. மற்றொன்று கட்டடத்தின் விலை. மனை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போகும். சென்னை போன்ற நகரத்தின் நடுவே பழைய வீட்டை வாங்குகிறவர், அநேகமாக அதை இடித்து அடுக்கு வீடு கட்டும் நோக்கத்துடனேயே வருகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது மனையின் நீள அகலமும் தெருவின் அகலமுந்தான். அப்படிப்பட்டவருக்காகக் கூடத்தை அலங்கரிப்பது, தகனத்துக்குப் போகும் விறகுக்கு வர்ணம் பூசுவதற்கு ஒப்பாகும். ஆகவே, அலங்காரத்தில் ஒரு காசு போடுவதற்கு முன், வாங்க வருகிறவர் குடியிருக்க வருகிறாரா, இடிக்க வருகிறாரா என்பதை அறிந்துகொள்வது உத்தமம்.

நிற்க. உட்புறத்தின் அழகே ஒரு வீட்டின் விலையாக நிற்பதற்கு நம் நாட்டில் கண்கூடான உதாரணம் ஒன்று உண்டு. அதுதான் செட்டிநாடு. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய மாளிகைகளைப் பார்த்தவர்கள் அவற்றை எளிதில் மறக்க முடியாது. சென்ற நூற்றாண்டின் முதற் பகுதியிலும் அதற்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் நடந்த லேவாதேவியில் ஈட்டிய பொருள், இந்த வறண்ட பூமியில் வந்து வீடாக மாறியது. தூண்களுக்குப் பர்மாத் தேக்கு வந்தது. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல் வந்தது. சுவருக்கு பெல்ஜியத்துக் கண்ணாடி வந்தது.

ஆனால், அந்த வீடுகளின் பெருமை முழுவதும் கப்பலில் வந்ததல்ல. சுவரைத் தொட்டுப் பார்த்தால் சலவைக்கல்லைப் போல் வழவழக்கிறதே, அது சுண்ணாம்பை நன்றாக அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து நம் கொத்தர்கள் பூசிய பூச்சு. தரையில் மலர் விரித்தாற்போல் கிடக்கிறதே, அது பக்கத்திலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்த ஓடு. அதைச் செய்யும் விதம் விசித்திரமானது. ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் கோல வடிவான உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வர்ணம் கலந்த சிமிட்டிக் குழம்பை ஊற்றுகிறார்கள். சட்டத்தை எடுத்தபின் உலர்ந்த சிமிட்டியும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்தால் அதன் மினுமினுப்பு ஓட்டிலும் வந்துவிடுகிறது. சூளை இல்லை, யந்திரம் இல்லை. மிதிபட மிதிபட அந்தத் தரைக்கு மெருகு ஏறுகிறது.

வீட்டின் அமைப்பிலும் கணக்கு இருக்கிறது. முகப்பு, அதைக் கடந்தால் நடு முற்றத்துடன் கூடிய வளவு, அதற்கப்பால் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாக அமைந்து, தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக வீடு முழுவதும் பரவுகின்றன. வளவைச் சுற்றியுள்ள அறைகள், மணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பங்கு என்ற முறையில் அமைந்தவை. வெறும் ஆடம்பரத்துக்காக மட்டும் கட்டிய வீடல்ல. கூட்டுக் குடும்பத்தின் வாழ்க்கையைக் கல்லிலும் மரத்திலும் எழுதி வைத்த வீடு.

இவ்வளவு சிறப்புடைய வீடுகளுக்கு நேர்ந்ததென்ன? 1942-ஆம் வருஷத்தில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்று, அதே வருஷம் நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டத்தையும் செய்தது. வருமானம் நின்றது, குடும்பங்கள் பிழைப்பைத் தேடிப் பல ஊர்களுக்குச் சென்றன. ஒரு வீட்டுக்கு இரண்டு பங்காளிகள் இருந்த இடத்தில், தலைமுறை ஏற ஏற இருபது, முப்பது பேராயினர். கூரையில் ஓர் ஓடு உடைந்தால் மாற்றுவதற்குக்கூட அத்தனை பேரும் சம்மதித்துப் பணம் கொடுக்க வேண்டும். ஓடு மாற்றாத இடத்தில் மழை இறங்கும். மழை இறங்கிய இடத்தில் உத்தரம் உளுக்கும்.

இந்த நிலையில்தான் வீட்டுக்கு இரண்டு விலைகள் ஏற்படுகின்றன. ஒன்று பிரித்து விற்கும் விலை. தூண் தனி, நிலை தனி, கதவு தனி, கண்ணாடி தனி என்று பிரித்தால் உடனே ரொக்கம் கிடைக்கும். பங்கு போடுவதும் சுலபம். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில், ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டின் கல்யாணங்களைக் கண்ட தூண்களும் கதவுகளும் சாய்ந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். எங்கோ ஒரு பட்டணத்து வரவேற்பறைக்கு அவை அலங்காரமாகப் போகின்றன.

மற்றொன்று, வீட்டை முழுமையாக வைத்துப் பெறும் விலை. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் சில மாளிகைகளைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதிகளாக நடத்துகிறார்கள். தூர தேசங்களிலிருந்து வருகிறவர்கள் எதற்காகப் பணம் கொடுத்து அங்கே தங்குகிறார்கள்? புதிதாகப் போட்ட பளபளப்புக்காக அல்ல. அந்தத் தரைக்காகவும், அந்த முற்றத்து நிலவுக்காகவும், அந்தச் சுவரின் குளிர்ச்சிக்காகவுமே. 2014-ஆம் வருஷத்தில் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி, யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம் பெற்றது.

பிரித்து விற்கும் விலை ஒரு தடவை வருவது. முழுமையின் விலை ஆண்டுதோறும் வருவது. பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்குத்தான் இது. ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. இன்றைக்கு வைத்தியச் செலவுக்குப் பணம் வேண்டிய பங்காளியிடம் போய், "பத்து வருஷம் பொறுத்தால் லாபம்" என்று உபதேசம் செய்வது நியாயமாகாது. வசதியுள்ள பங்காளிகள் அவருடைய பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டைக் காப்பாற்றுவதே முறை. அதைச் செய்யாமல், விற்கிறவரைப் பழிப்பதால் மட்டும் ஒரு தூணும் நிற்கப் போவதில்லை.

மாளிகை இல்லாத நமக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. முதலாவது, வீட்டில் ஏற்கெனவே உள்ள நல்லதை மறைக்காதீர்கள். பாட்டனார் போட்ட சிவப்புத் தரை, தேக்கு ஜன்னல், கருங்கல் படி ஆகியவற்றைத் தேய்த்துத் துடைத்து எண்ணெயிட்டாலே போதும். இன்று கடையில் கிடைக்கும் ஓட்டை வாங்குகிறவரும் போட்டுக்கொள்ளலாம். பழைய தேக்கை அவர் எங்கே போய் வாங்குவார்?

இரண்டாவது, அலங்காரத்துக்கு முன் பழுது பாருங்கள். ஒழுகும் கூரை, ஓதம் ஏறிய சுவர், அடைத்துக்கொள்ளும் சாக்கடை ஆகிய மூன்றும் விலையைக் குறைப்பது போல் வேறெதுவும் குறைக்காது. சுண்ணாம்புச் சுவரின்மேல் காற்றுப் புகாத பெயிண்டை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சு உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே உறவு.

மூன்றாவது, வெளிச்சம். தேவையற்ற சாமான்களை அகற்றி, அடைத்து வைத்த ஜன்னலைத் திறந்து, வெளிர் நிறம் பூசினால் சிறிய அறையும் பெரியதாகத் தோன்றும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். உங்களுக்குப் பிடித்த கடும் வர்ணம் வருகிறவருக்கும் பிடிக்க வேண்டும் என்ற நியதி இல்லை. சமையலறையையும் ஸ்நான அறையையும் மட்டும் சற்றுத் தாராளமாகவே கவனியுங்கள். வீட்டைப் பார்க்க வரும் பெண்மணிகளின் தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படுகிறது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அலங்காரம் குறையை மூடும் திரையாகக் கூடாது. விரிசலின்மேல் காகிதம் ஒட்டுவதும், ஓதத்துக்கு முன்னால் அலமாரியை நிறுத்துவதும் சாமர்த்தியம் அல்ல. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்ததும் வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை விற்கிறவர் சொல்லியே தீரவேண்டும் என்கிறது. மறைத்தால் அது மோசடி. வீட்டை விற்று வந்த பணத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யலாம். ஆனால், அந்த வீட்டுக் கூரை இன்னொருவர் குழந்தையின் தலைமேல் விழும் நிலையில் இருந்தால், அந்தக் கல்யாணச் சாப்பாடு எப்படி ஜீரணமாகும்?

அகம் என்ற சொல்லுக்கு வீடு என்றும் பொருள், மனம் என்றும் பொருள். இரண்டையும் சுத்தமாக வைத்துக்கொண்டு விற்கிறவருக்கு விலை சிறிது குறைந்தாலும் நஷ்டமில்லை. விற்காமலே இருந்துவிட்டாலோ, அலங்காரத்தின் பலன் முழுவதும் நமக்கே அல்லவா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடைத்து வைத்த அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள்.