மாமியாரிடமும் சொல்லுங்கள்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை. உடனே அவளை உட்காரவைத்துக் கீரை, முட்டை, பேரீச்சம்பழம் என்று பட்டியல் போடுகிறோம். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியல் முக்கால்வாசிப் பெண்களுக்கு மனப்பாடம். "முட்டை வாங்குறது அவருக்கும் பையனுக்கும்தான் நர்ஸம்மா, நான் எப்படி எடுத்துச் சாப்பிடுறது?" என்பார்கள். வீட்டில் காசு கணவன் கையில். கரண்டி மாமியார் கையில். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்றது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பள்ளியில் மதிய உணவு, அங்கன்வாடியில் சத்துமாவு என்று இத்தனை கொடுக்கும் மாநிலத்தில் இந்த நிலைமை எனக்குப் பொறுக்கவில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 180 நாளுக்கு இலவசமாகத் தருகிறோம். போட்டதும் வயிற்றைப் புரட்டும், மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். "மாத்திரை போட்டா பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று தடுப்பவர் பெரும்பாலும் மாமியார்தான். கெட்ட எண்ணமில்லை; அவரைப் பயமுறுத்தியதும் யாரோ ஒரு பெரியவர்தான். கறுப்பாகப் போவதால் கெடுதல் இல்லை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும் என்பதை அவருக்கு நேரில் சொல்ல வேண்டாமா? சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால், ஒரு நெல்லிக்காய் கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். அடுப்படியில் நிற்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இவை.

சமுதாய வளைகாப்பில் வளையல் போட்டு, கலவை சாதம் பரிமாறுகிறோம். நல்ல காரியம். கணவன்மார்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். ஸ்கேனுக்கு பைக்கில் கூட்டிவந்துவிட்டு வெளியே மரத்தடியில் நிற்பவரை உள்ளே கூப்பிட்டு, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து விளக்குங்கள்.

எடையும் இரத்த அழுத்தமும் எழுதுகிற பதிவேட்டில், வீட்டில் யாரிடம் பேசினோம் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. செவிலியர் ஏற்கெனவே பதிவேடுகளோடு மல்லுக்கட்டுகிறார். அதனால் தேவையற்ற ஒரு பதிவேட்டை முதலில் எடுத்துவிட்டு, இதைச் சேருங்கள்.