காலையில் ஹெர்னியா ஆபரேஷன்... மாலையில் வீடு! கால் மரத்துப்போனால் உஷார்

திருச்சி:
காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி முதல் ஸ்ரீரங்கத்து பெரியவர்கள் வரை பலரையும் பாடாய்ப்படுத்துவது குடலிறக்கம் எனும் ஹெர்னியா. முன்பெல்லாம் இதற்கு ஆபரேஷன் என்றால் நாள் கணக்கில் ஆஸ்பத்திரி வாசம்தான். இப்போது காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு. 2018-ல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டு நெறிமுறையும் பெரும்பாலானவர்களுக்கு இதையே சிபாரிசு செய்கிறது.

இதற்கு கைகொடுப்பது அடிவயிற்று நரம்பை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி. இடுப்பு எலும்பின் முன்பக்க முனை அருகே போடுவார்கள். முழு மயக்கம் தேவையில்லை. முதுகுத்தண்டு ஊசியால் வரும் தலைவலி, சிறுநீர் அடைப்பு தொல்லையும் குறைவு.

அப்புறம் என்ன சிக்கல்? சில சமயம் மருந்து போட்ட இடத்தோடு நிற்பதில்லை. வயிற்று தசை அடுக்குகளுக்கு இடையே பரவி, தொடைக்குப் போகும் பெரிய நரம்பையும் பிடித்துக்கொள்கிறது. படுத்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. எழுந்து நின்றால் முழங்கால் மடங்கி 'தொப்'பென்று விழவேண்டியதுதான்.

மரத்த கால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக சரியாகிவிடும். ஆனால் விழுந்து முறிந்த இடுப்பு எலும்பு? சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, காவிரி பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி மாடிப்படி ஏறும் வயதானவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்த வேலையை இனி வீட்டில் மனைவியோ மகளோதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு யாராவது விவரம் சொல்கிறார்களா என்பதே கேள்வி.

எனவே, 'வலியே இல்லைங்க, கிளம்பலாம்' என்று நோயாளி சொன்னாலும் அவசரப்படக்கூடாது. முழங்காலை நீட்டச் சொல்லி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, நாலு அடி நடக்கவிட்ட பிறகே அனுப்ப வேண்டும். சிறுநீர் போனதா என்பதும் முக்கியம். மரப்பு விட்டதும் ராத்திரியில் வலி தலைகாட்டும். டாக்டர் எழுதித்தந்த மாத்திரையை அதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு ஆபத்து அபூர்வம், ஆனால் பெரியது. மருந்து ரத்தக்குழாயில் ஏறிவிட்டாலோ, அளவு கூடினாலோ உதடு மரக்கும், காது இரையும், வலிப்பு வரும். இதயமே நின்றும் போகலாம். இதற்கு மாற்று மருந்து 20 சதவீத கொழுப்பு திரவம். தோள்பட்டை ஆபரேஷனுக்கு இதேபோன்ற ஊசி போட்டு இதயம் நின்றுபோன ஒருவர் இந்த திரவத்தால் பிழைத்ததாக 2006-ல் அமெரிக்க டாக்டர்கள் பதிவு செய்தனர்.

'ஸ்கேன் பார்த்து ஊசி போடுவீங்களா? அந்த மருந்து ஸ்டாக் இருக்கா?' ஆபரேஷனுக்கு தேதி வாங்கும்போதே இந்த இரண்டையும் கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பே இல்லை.