மேட்டூருக்கு எழுத்து நான்கா, எட்டா?

மேட்டூர் என்னும் ஊர்ப்பெயரில் எத்துணை எழுத்துகள் உள எனத் தொடக்கப்பள்ளிக் குழந்தையைக் கேட்டால், மே, ட், டூ, ர் என விரல்மடக்கி, நான்கு என்னும். அப்பெயரையே மேனிலைப் பள்ளி மாணவர் பைத்தான் நிரல்மொழியில் இட்டு நீளங் கேட்டால், கணிப்பொறி எட்டு என்று விடை தருகின்றது. பெயரைத் திருப்பி எழுதச் சொன்னாலோ, ‘ர்டூட்மே’ என வரவேண்டியது, பற்றுக்கோடற்ற புள்ளியொன்று முன்னே நிற்க, ‘ரூட்டேம’ என உருக்குலைந்து வருகின்றது. ஆங்கிலச் சொல்லுக்கு இவ்விடர் இல்லை. இதனைக் காணும் இளையோர் உள்ளத்தில், தமிழ் பொறிக்கு ஒவ்வாத மொழி என்னும் நச்சுவித்து விழுகின்றது. அவ்வித்து முளைக்குமுன் களையப்பெறல் வேண்டும்.

குறை தமிழிலும் இல்லை; பொறியிலும் இல்லை; எண்ணும் அலகில் உள்ளது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டு வெளிவந்தபோது, தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கப்பெற்றன. உயிருக்கும், அகரமேறிய மெய்க்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனி எண் கிடைத்தது. 247 எழுத்துகளுக்கும் கிடைத்திலது. புள்ளி பெற்ற மெய்யே முதல், அதனோடு உயிர் கூடியதே உயிர்மெய் என்பது தொல்காப்பிய நெறி. இங்கோ அகரமேறிய டகரம் முதலாகி, அதன்மேல் புள்ளியிட்டு ட் ஆக்கப்பெற்றது. பைத்தான் எண்ணுவது எழுத்தை அன்று; இக் குறியெண்களையே.

மேட்டூரை அடுத்த கொளத்தூரின் பெயரில் வேறொரு சிக்கல். ஒகரக் குறியை ஒரே எண்ணாலும் இடலாம்; எகரக் குறி, கால் என இரண்டெண்ணாலும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறுவேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணரும் வழி பைத்தானிலேயே உண்டு. அதனை அறியாதார் எழுதிய நிரலில், பட்டியலில் உள்ள ஊரும் இல்லாத ஊராகிவிடும்.

எழுத்துக்கு ஓரெண் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஏற்றது. ஆயினும் உலக வழக்கில் நிலைத்தது ஒருங்குறியே. எனவே அதற்குள்ளேயே தமிழை முறையாகக் கையாளக் கற்றல் வேண்டும். வழியும் அரிதன்று: உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முன்னின்ற எழுத்தோடு சேர்க்க, அதன்பின் எண்ணுக, வெட்டுக, திருப்புக. மேட்டூரின் எட்டில் குறிகள் நான்கு. அவை தத்தம் எழுத்தோடு சேர, எஞ்சுவது நான்கே. 2014ஆம் ஆண்டு வெளிவந்த சுவிப்ட்டு நிரல்மொழி இயல்பாகவே நான்கு என்கின்றது. பைத்தானுக்கும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகின்றது.

இன்னும் ஒன்று. மேடு, ஊர் என்னும் இரண்டையும் கூட்டெனின், பொறி ‘மேடுஊர்’ என ஒட்டவைக்கும். குற்றியலுகரங் கெட, டகரம் இரட்டிக்க, மேட்டூர் எனப் புணர்ப்பது தமிழ். இன்னது வந்தால் இன்னது ஆகும் என்னும் புணர்ச்சி நூற்பாவின் அமைப்பும், நிரலின் அமைப்பும் ஒன்றேயன்றோ? இவ்வொரு விதியை நிரலாக எழுதிப் பார்க்கும் மாணவர், எழுத்துத்தொடரைக் கையாளும் திறனையும் இலக்கணத்தையும் ஒருங்கே பெறுவர்.

எனவே, எழுத்துத்தொடர் பற்றிய முதற் பயிற்சியே மேட்டூர், ஓமலூர், கொளத்தூர் எனத் தமிழ்ப் பெயர்களால் அமைதல் வேண்டும். ஆங்கிலச் சொற்களையே இட்டுப் பயின்றவர், எண்ணும் அலகு ஒன்று உண்டென்பதையே அறியாது போவர். நாளை அவர் எழுதும் நிரலில் தமிழ் சிதையும். பாடநூல் யாப்போரும் ஆசிரியரும் தமிழ்ப்பற்றாளரும் இதனை வலியுறுத்துவாராக! பொறிக்கேற்பத் தமிழைக் குறைத்தல் அடிமைமை. தமிழுக்கேற்பப் பொறியைப் பழக்குதலே அறிவுடைமை.