மறுக்கும் உரிமை வேண்டும்: மைக்ரோசாஃப்ட் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரு. சத்ய நாதெல்லா அவர்களுக்கு,

2015 ஜனவரியில் விண்டோஸ் 10 பற்றிப் பேசிய மேடையில் நீங்கள் ஓர் இலக்கைச் சொன்னீர்கள். தேவைக்காக விண்டோஸை வைத்திருக்கும் மக்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு அதை நேசிக்கவும் வேண்டும் என்றீர்கள். பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் விண்டோஸ் இயங்குகிறது. ஆனாலும் அந்த நேசம் வளரவில்லை, சலிப்புதான் வளர்ந்திருக்கிறது. புதிய வசதிகள் வருவதில் யாருக்கும் வருத்தமில்லை. கேட்காததையெல்லாம் கணினிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை மறுக்கும் வழியை எட்டாத இடத்தில் ஒளித்துவைப்பதில்தான் வருத்தம். பயனர் ஒருமுறை வேண்டாம் என்றால் அந்தப் பதில் நிலைக்க வேண்டும். இம்மடலின் அடிப்படைக் கோரிக்கை இதுவே.

புதிய மடிக்கணினி ஒன்றை முதன்முதலில் இயக்கும்போது நடப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. இவை இல்லாமல் நேர்வழியில் உள்ளே போக முடியாது. குறுக்குவழியாகச் சிலர் பயன்படுத்திவந்த கட்டளைக் கோப்பையும் 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அடுத்து ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்பு. டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருக்கும் கோப்புகள் உங்கள் சர்வருக்குப் போகத் தொடங்குகின்றன. இலவச இடம் 5 ஜிபிதான். குடும்பப் படங்களும் இரண்டு மூன்று திருமண வீடியோக்களும் சேர்ந்தால் அது நிரம்பிவிடும், உடனே பணம் கட்டி இடம் வாங்கச் சொல்லும் அறிவிப்புகள் வரும். இன்னொரு நாள், கணினியை அமைத்து முடிக்கலாம் என்று திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுகிறது. அதில் தொடர்வதற்கு ஒரு பொத்தான், மூன்று நாளில் நினைவூட்டச் சொல்ல ஒரு பொத்தான். இனிக் கேட்க வேண்டாம் என்று சொல்ல அங்கே இடமில்லை. அந்தத் தேர்வு செட்டிங்ஸில் இருக்கிறது. சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ், அந்தப் பக்கத்தின் அடியில் கூடுதல் அமைப்புகள் என்று தேடிப்போனால் ஒரு சிறு கட்டத்தின் டிக்கை எடுத்துவிடலாம். சம்மதம் கேட்க முழுத்திரையும் மறுப்புக்கு ஓர் ஓரத்துக் கட்டமும் தற்செயலாக அமைவதில்லை. அப்படி இருக்கட்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

இது நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் அறிவிப்பின் மூலையில் இருந்த எக்ஸ் குறியை அழுத்தி மூடியவர்கள், மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டவர்களாகக் கருதப்பட்டார்கள். சன்னலை மூடினால் மறுப்பு என்பது விண்டோஸே பல ஆண்டுகளாக மக்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம், அதையே அவர்களுக்கு எதிராகத் திருப்பினீர்கள். தன் அனுமதி இல்லாமல் நடந்த மாற்றத்தால் அலுவலகக் கணினி முடங்கியதாக வழக்குப் போட்ட கலிஃபோர்னியாப் பயண முகவர் ஒருவருக்கு, நீதிமன்றத் தீர்ப்பின்படி உங்கள் நிறுவனம் 10,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. எல்லை மீறிவிட்டோம் என்று அந்த ஆண்டின் இறுதியில் உங்கள் அப்போதைய சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கப்போசெலாவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் போக்கு மாறவில்லை. 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனுவுக்குள் ஸ்டோர் செயலிகளின் விளம்பரங்கள் வந்தன. சொந்தக் கோப்பைத் திறக்கப் போகும் வழியில் விளம்பரம் எதற்கு?

அடுத்த மாதமே ரீகாலின் அறிவிப்பு வந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம்பிடித்துச் சேமித்து, பிறகு தேடித்தரும் வசதி. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதுகாப்பே முதன்மை என்று 2024 மே தொடக்கத்தில் உங்கள் ஊழியர்களுக்கு எழுதினீர்கள். அதே மாதம் 20-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட இந்த வசதியை ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள், திரையில் ஓடிய எழுத்தெல்லாம் எளிதாகப் படிக்கக்கூடிய தரவுத்தளமாகக் கணினியில் கிடப்பதைக் காட்டினார்கள். வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, அந்தரங்க உரையாடல் எதுவும் அதற்கு விலக்கல்ல. எதிர்ப்பு வலுத்தபின் ஜூன் 7-ஆம் தேதி நிலை மாறியது. பயனர் தானே இயக்கினால்தான் ரீகால் வேலை செய்யும், சேமித்ததைப் பார்க்க முகமோ விரல் ரேகையோ பின் எண்ணோ காட்ட வேண்டும் என்று அறிவித்து, சில நாள்களில் வெளியீட்டையும் தள்ளிவைத்தீர்கள். பொதுப் பயன்பாட்டுக்கு அது 2025 ஏப்ரலில்தான் வந்தது. முன்னைவிடப் பாதுகாப்பாக, வேண்டாதவர் நீக்கிவிடும்படியாக வந்தது. சம்மதம் கேட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அந்த வசதியைக் கெடுக்கவில்லை, செப்பனிட்டது. ஆனால் இழந்த நம்பிக்கை அத்தனை எளிதில் திரும்பவில்லை. 2025 மே மாதம் சிக்னல் செயலி, ரீகால் தன் உரையாடல்களைப் படம்பிடிக்காதிருக்க, பதிப்புரிமை உள்ள வீடியோக்களைப் பாதுகாக்கும் ஏற்பாட்டைத் தன் சன்னலுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. இயங்குதளத்திடமிருந்தே ஒரு செயலி தன் பயனரைக் காக்க வேண்டிய நிலை வருத்தத்துக்குரியது.

இப்படித் தேர்வுகளைக் கொடுப்பது தொழில்நுட்பத்தில் கடினம் என்று சொல்ல இனி வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்கு 2024 மார்ச்சில் இணங்க வேண்டியிருந்தபோது, அங்குள்ளவர்கள் எட்ஜ் உலாவியை நீக்கவும் தேடலிலிருந்து பிங்கை எடுத்துவிடவும் வழி செய்தீர்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோதும் இதுவே நடந்தது. மேலும் ஓராண்டுப் பாதுகாப்பு அப்டேட் பெற மற்ற நாட்டவர் 30 டாலர் கட்ட வேண்டியிருந்தது, அல்லது தம் அமைப்புகளை உங்கள் மேகத்தில் பின்காப்பு செய்ய வேண்டியிருந்தது, அல்லது ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 தர வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இந்த நிபந்தனைகள் தளர்ந்தன, அப்டேட் இலவசமாகவே கிடைத்தது. அதே மென்பொருள் பாரிஸில் எட்ஜை நீக்க விடுகிறது, மதுரையில் விடுவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் மட்டும் கிடைக்கும் மரியாதையை மரியாதை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய பதில்களும் தெரிந்தவையே. பயனரிடமே விட்டுவிட்டால் பாதுகாப்பு அப்டேட்டைக்கூடப் போடமாட்டார்கள் என்பது முதல் பதில். இதில் நியாயம் இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்கியபோது அதைத் தடுக்கும் அப்டேட் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, போடாத கணினிகள்தான் முடங்கின. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரட்டும். ஆனால் அந்த நியாயம் ஸ்டார்ட் மெனு விளம்பரத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே அப்டேட் வழியாக அனுப்பும்போது அப்டேட் என்றாலே மக்கள் அஞ்சி அதை நிறுத்திவைக்க வழி தேடுகிறார்கள், பாதுகாப்பு அதனால் பலவீனப்படுகிறது. முன்கூட்டியே இயக்கிவைக்காவிட்டால் நல்ல வசதிகளும் கண்ணில் படாமல் போகும் என்பது இரண்டாவது பதில். ஒருமுறை காட்டுங்கள், பயனை விளக்குங்கள், கேளுங்கள். கேட்பதை யாரும் குறை சொல்லவில்லை, மறுத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருப்பதைத்தான் சொல்கிறார்கள். இலவசமாகத் தரும் மென்பொருளுக்கு விளம்பரம் வேண்டாமா என்றால், விண்டோஸ் இலவசமல்ல. கடையில் வாங்கும் கணினியின் விலையிலேயே அதன் உரிமத்தொகை அடங்கியிருக்கிறது. 2025 நிதியாண்டில் 28,000 கோடி டாலருக்கு மேல் வருவாயும் 10,000 கோடி டாலருக்கு மேல் நிகர லாபமும் ஈட்டிய நிறுவனம் ஸ்டார்ட் மெனு விளம்பரத்தை நம்பி வாழவில்லை.

பிடிக்காதவர் லினக்ஸுக்கோ மேக்குக்கோ போகலாமே என்பது கடைசி வாதம். போகக்கூடியவர் போகிறார்கள். ஆனால் டாலியில் கணக்கு எழுதும் சிறு கடைக்காரரும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணக்காளரும், விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளோடு வந்த கருவியை நம்பியிருக்கும் ஆய்வகமும் அவ்வளவு எளிதில் மாற முடியாது. போக முடியாதவர் தங்கியிருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது தவறு. அவர்களுக்கு வேறு கதவு இல்லை என்பதால்தான் உங்கள் பொறுப்பு கூடுகிறது.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். சம்மதம் கேட்கும் ஒவ்வொரு திரையிலும், அதே அளவில், அதே இடத்தில், இனி வேண்டாம் என்று சொல்லும் பொத்தானை வையுங்கள். அந்தப் பதிலை எந்த அப்டேட்டும் மாற்றக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களையும் புதிய வசதிகளையும் தனித்தனியே அனுப்புங்கள். ஐரோப்பியருக்குக் கொடுத்த தேர்வுகளை உலகெங்கும் கொடுங்கள். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை, அந்தத் தேர்வுகளை ஐரோப்பாவுக்காக உங்கள் பொறியாளர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். எஞ்சியிருப்பது உங்கள் ஒப்புதல்தான். அதைத் தாருங்கள்.

இப்படிக்கு,
விண்டோஸ் பயனர் ஒருவர்