கூடையில் ஒரு கரித்துண்டு!

ஸ்காட்லாந்து மக்களுக்குப் புத்தாண்டுதான் பெரிய பண்டிகை. கிறிஸ்துமசுக்கு அங்கே பொது விடுமுறை கிடைத்ததே 1958-ல்தான்.

டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும். அதன்பின் வீட்டு வாசலை முதலில் மிதிப்பவர் வெறுங்கையோடு வரக்கூடாது. இது பழைய வழக்கம். நிலக்கரித் துண்டு, உப்பு, கேக், விஸ்கி கொண்டு வருவார். "இந்த வீட்டில் அடுப்பு அணையக்கூடாது, உணவு குறையக்கூடாது" என்பது அதன் பொருள்.

பரிசு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

இன்று அலங்காரப் பரிசுக் கூடைகள் கடையில் கிடைக்கின்றன. கட்டம் போட்ட ரிப்பன் கட்டிவிட்டால் அது ஸ்காட்லாந்துப் பரிசு ஆகிவிடுமா?

வேறு என்ன வைக்கலாம்?

முதலில் ஷார்ட்பிரெட். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. அவ்வளவுதான். வீட்டிலேயே சுடலாம். அடுத்து, குளிர்ந்த பூமியில் விளையும் ஓட்ஸ் தானியத்தில் செய்த பிஸ்கட். பிறகு, மேலே பாதாம் பருப்பு அடுக்கிய டண்டீ கேக்.

துணி வைப்பதானால் ஹாரிஸ் டுவீட் கம்பளித் துணி வைக்கலாம். வெளி ஹெப்ரிடீஸ் தீவு மக்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் போடலாம். 1993-ல் இதற்குச் சட்டமே வந்தது. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். போலியை வாங்குவது நெசவாளியின் வயிற்றில் அடிப்பதாகும்.

கூடை சிறியதாகவே இருக்கட்டும். உள்ளே இருப்பது அசலாக இருந்தால் போதும். காகிதத்தில் சுற்றி ஒரு கரித்துண்டையும் வையுங்கள்!