சுவரில் அரச மரம்: பிடுங்குவது யார்?

மும்பையில் கிர்காவ், டோங்ரி பகுதிகளின் பழைய சால்களை மழைக்காலம் முடிந்ததும் அண்ணாந்து பார்த்தால், சுவரில் அரசும் ஆலும் தழைத்து நிற்கும். காக்கை எச்சத்தில் வந்த விதை, ஒழுகும் குழாயோரத்துச் சுண்ணாம்புக் காரையில் வேர் பிடிக்கிறது. செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது. மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளக்கும். அரச மரமாயிற்றே என்று தொடத் தயங்குவோரும் உண்டு.

ஆனால் பிடுங்க வேண்டியவர் யார்? 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே நிறுத்தியது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த உயர்வும் வருஷத்துக்கு 4 சதவீதமே. பல அறைகளின் மாத வாடகை கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்குக் காணாது. வீடு விழுந்தாலும் சொந்தக்காரருக்கு மனை மிஞ்சும். குடியிருப்பவரோ, சுவர் நம்முடையதல்லவே என்கிறார்.

மகாடாவின் பழுதுபார்ப்பு வாரியம் மழைக்கு முன் அபாயக் கட்டிடப் பட்டியல் வெளியிடுகிறது. அப்படியும் பலர் வெளியேறுவதில்லை. தற்காலிக முகாமுக்குப் போய் இருபது வருஷம் அங்கேயே கிடந்தவர்களை அவர்கள் அறிவார்கள். 2017 ஆகஸ்ட் 31-ல் பெண்டி பஜார் அருகே ஹுசைனி கட்டிடம் இடிந்து 33 பேர் மாண்டனர். அதுவும் காலி செய்யச் சொல்லப்பட்ட கட்டிடமே.

நம்மவர்களில் உள்வாடகைக்கு இருப்போர் அதிகம். வாடகை ரசீதில் பெயர் இல்லாதவர் மாற்று வீடு கேட்பது கடினம். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பார்ப்பதும், செடி முளைத்த சுவரைப் பற்றி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.